சுண்டுவிரல் தூரம்

மின்சார கிட்டார் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். குமிழ்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கிறவர்கள் குறைவு. எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். இதற்கும் இசை ஞானத்துக்கும் சம்பந்தமில்லை. 1997இல் பாளையங்கோட்டையிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த நாள் முதல் கண்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறைகளில்தான் என் பிழைப்பு. தண்ணீர் பம்ப், சில்லர், லிஃப்ட் என்று எதை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு தகரப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியின் கதவில் எந்தப் பொத்தான் எங்கே உட்கார வேண்டும் என்று குறித்துத் துளை போடுவது என் வேலை.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு பேனல் கதவைப் பார்த்தால், அதைச் செய்தவன் யாரை மனதில் வைத்துச் செய்தான் என்று எங்களால் சொல்லிவிட முடியும். தரையிலிருந்து 60 செ.மீ.க்குக் கீழே பொத்தான் வைக்காதே என்பது விதி. குனிந்து தேடுகிற நேரத்தில் யாராவது அடிபட்டுவிடலாம். சிவப்புக் காளான் போன்ற அவசர நிறுத்தப் பொத்தான், பதறுகிறவன் பார்க்காமலே அடிக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். தகரம் அழுத்தும் இயந்திரத்தை இயக்க இரண்டு பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைப்போம். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயந்திரம் இறங்கும். கை வெளியே இருக்கிறது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். பிளாக் சபத் குழுவின் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்ஹாமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடக்கைக்காரர், போனது வலக்கை விரல்கள், அதாவது தந்தியை அழுத்துகிற விரல்கள். பிறகு பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு வாசித்தார். அந்தக் கதையை நான் முதலில் கேட்டது இசைக்காரர்களிடம் அல்ல, பட்டறையில் ஒரு பாதுகாப்பு வகுப்பில்.

ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற கிட்டாரை 1954இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபென்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அவர் மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது. வாசிக்கத் தெரியாதவர் என்பதால் வாசிக்கிறவர்களைக் கேட்டார். முந்தைய கிட்டாரின் பலகை விளிம்பு விலாவில் குத்துகிறது என்று பில் கார்சன் போன்றவர்கள் சொன்னதைக் கேட்டு, புதியதில் வயிறு படுகிற இடத்தையும் முழங்கை படுகிற இடத்தையும் சரித்துச் செதுக்க வைத்தார். வால்யூம் குமிழைத் தந்திகளுக்கு மிக அருகில், வாசிக்கிற கையின் சுண்டுவிரல் எட்டுகிற இடத்தில் வைத்தார். கிப்ஸனின் லெஸ் பால் கிட்டார் 1952இல் வந்தது. அதில் நான்கு குமிழ்கள், வலது மூலையில் தள்ளி. பிக்கப் மாற்றும் சுவிட்சோ மேலே தோளில். அது உட்கார்ந்து யோசித்து ஒலியைத் தேர்ந்தெடுக்கிறவருக்கான அமைப்பு. ஃபென்டருடையது வாசிப்பை நிறுத்தாமலே திருகுகிறவருக்கு. எது உசத்தி என்று இரவெல்லாம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அடித்து வாசிக்கிறவருக்கு அந்த அருகாமையே தொந்தரவு. கை இடித்து வால்யூம் தானாகக் குறையும். ஃபென்டரின் டெலிகாஸ்டரில் குமிழ் இருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நான்கு திருகு வேலைகூட இல்லை, இரண்டே திருகுதான்.

செய்கிறவர் வைத்த இடத்தில் வாசிக்கிறவர் கை நிற்பதில்லை என்பதற்கு ஸ்ட்ராடோகாஸ்டரின் சுவிட்சே சாட்சி. மூன்று பிக்கப்புக்கு மூன்று நிலை என்று அதைச் செய்தார்கள். வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே தொங்கலில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து தருகிற ஒலியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்து நிலை சுவிட்ச் கிட்டாரிலேயே வர 1977 ஆயிற்று. எங்கள் தொழிலில் இப்படி 23 ஆண்டு காக்க வைத்தால் ஒப்பந்தம் போய்விடும்.

சுண்டுவிரல் விஷயத்தை எனக்குக் காட்டியவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். துபாய் ஹோட்டல்களில் பதினோரு ஆண்டு வாசித்தவர், ஊருக்குத் திரும்புகிறார், சாமான்களை விற்கிறார். 2016இல் என் மகளுக்கு 12 வயது. கராமாவில் அவர் அறைக்குப் போனோம். கட்டிலில் பாதி மூடிய பெட்டிகள், சுவரில் மாதாவின் படம், மூலையில் சீனாவில் செய்த ஸ்ட்ராட் வகை கிட்டார். விலை 350 திர்ஹாம். வாசித்துக் காட்டுங்கள் என்றேன். அவர் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு, தந்தியை மீட்டிய பிறகு சுண்டுவிரலால் மெல்லத் திருகி ஏற்றினார். மீட்டிய சத்தமே கேட்கவில்லை. எங்கிருந்தோ வில்லால் இழுத்ததுபோல ஒலி எழுந்து வந்தது. அறையில் ஏ.சி. இரைச்சலுக்கு மேலே ஒரு வயலின்.

மகள் அன்றைக்கு அதில்தான் விழுந்தாள். நம் காதுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். மீட்டும் கருவிகளில் ஒலி பிறந்ததுமே செத்துக்கொண்டிருக்கிறது. நமக்கோ அது நின்று வளைந்து அசைய வேண்டும். மாண்டலினில் கர்நாடக இசையா என்று கேட்டவர்களுக்கு யு. ஸ்ரீநிவாஸ் சொன்ன பதில்களில் ஒன்று, அதை மின்சார மாண்டலின் ஆக்கியது. இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருந்த கருவியை ஒற்றையாக ஐந்து தந்தி ஆக்கி, பெருக்கி வழியே ஒலியை நீட்டி, கமகத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டார். சென்னையில் 1980களில் சுகுமார் பிரசாத், பிறகு பிரசன்னா என்று மின்சார கிட்டாரில் அதே வழியில் போனவர்கள் உண்டு. அவர்களுடைய விரல்களைப் பார்க்கிறவர்கள் இடக்கையையே பார்க்கிறார்கள். இழுப்பும் வளைப்பும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். நான் வலக்கைச் சுண்டுவிரலைப் பார்க்கிறேன்.

வாசித்துப் பார் என்று அவர் கிட்டாரை நீட்டினார். மகள் வாங்கிய வேகத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்து வலப்பக்கம், குமிழ்கள் மேலே. அவள் பீச்சாங்கைக்காரி. பிலிப்பைன்ஸ்காரர் சிரித்து, "ஜிமி!" என்றார்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் போட்டு, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று: அவர் தந்தைக்கு இடக்கைப் பழக்கம் ஆகாது, அது சாத்தானின் வேலை என்று நினைத்தார், அவர் வீட்டில் இருக்கும்போது ஜிமி வலக்கையில் வாசிப்பார் என்று தம்பி லியோன் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சியாட்டில் தெரியவில்லை, எங்கள் பாளையங்கோட்டைத் தெரு தெரிந்தது. சோத்தாங்கை, பீச்சாங்கை என்று நாம் பெயர் வைத்திருக்கும் லட்சணத்திலேயே தீர்ப்பு இருக்கிறது. கடையில் இடக்கையால் காசு நீட்டினால் வாங்க மாட்டார்கள். இங்கேயும் ஒன்றும் குறைவில்லை. அரபு வீட்டில் காபி ஊற்றுகிறவர் தல்லாவை இடக்கையில் பிடித்து, கோப்பையை வலக்கையால் நீட்டுவார். நாமும் வலக்கையால் வாங்க வேண்டும். மகள் ஐந்து வயதிலேயே இதையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாள். சாப்பாடு வலக்கை, காசு வலக்கை, எழுத்தும் படமும் இடக்கை. கிட்டார் எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு.

வகுப்பெடுத்தவர் கோவாக்காரர், நல்ல மனிதர். வலக்கையிலேயே கற்கட்டும் என்றார். அவர் காரணங்கள் லேசானவை அல்ல. கடினமான விரல் வேலை எல்லாம் தந்தியை அழுத்துகிற இடக்கைக்குத்தானே, இடக்கைக்காரிக்கு அது கூடுதல் பலம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாப்ளர் இடக்கைக்காரர், வலக்கைக் கிட்டார் வாசிக்கிறார். உலகத்தில் எந்தக் கடைக்குப் போனாலும், எந்த நண்பர் வீட்டுக்குப் போனாலும் எடுத்து வாசிக்கக் கிட்டார் கிடைக்கும். இடக்கைக்காரி தன்னுடையதைச் சுமந்துகொண்டே அலைய வேண்டும். வளைகுடாவில் வளர்கிற பிள்ளைக்கு, எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத பிள்ளைக்கு, இது பெரிய காரணம். மூன்று மாதம் அவர் சொன்னபடி வாசித்தாள். சுரம் சரியாக விழும், தாளம் மட்டும் நொண்டும். தாளம் மீட்டுகிற கையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு பிள்ளை தொட்டி நீரில் எந்தக் கையால் அடித்து விளையாடுகிறதோ, அந்தக் கை.

எங்கள் கட்டடத்தில் மேல்தளத்தில் ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார். வங்கி வேலை, சிறுவயதில் மிருதங்கம் கற்றவர். அவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை பற்றிச் சொன்னார். பாலக்காடு மணி ஐயர் காலத்தில் அவருக்கு இணையாகப் பேசப்பட்ட மிருதங்க வித்வான், 1962இல் மறைந்தவர், இடக்கைக்காரர். மேடையில் பாடகரின் வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது வழக்கம். அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கைக்காரர் அங்கே உட்கார்ந்தால் தொப்பி சபையைப் பார்க்கும், வலந்தலை சுவரைப் பார்க்கும். ஆகவே அவர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். அப்படியானால் வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு எல்லோரும் இசையவில்லை. பழனிக்குக் கச்சேரிகள் கிடைப்பது சிரமமாக இருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரை விடாமல் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அவரு வாசிச்ச பக்கத்துக்குப் பேரு என்ன தெரியுமா? இடது கையால வாசிச்சாலும் அது வலந்தலைதான்" என்று மேல்வீட்டுக்காரர் சிரித்தார். பெயருக்குள்ளேயே ஒரு கையை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

நான் கிட்டாரைத் திருப்பிக் கட்டினேன். தந்தி மாற்றுவது மட்டுமல்ல வேலை. தந்திகள் உட்காரும் நட்டில் பள்ளங்கள் தடிமனுக்கு ஏற்ப அளந்து வெட்டப்பட்டவை. புதிய நட் வெட்ட வேண்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஸ்ட்ராப் மாட்டும் பொத்தான் கீழ்க்கொம்புக்கு மாறும். ஒலியும் சிறிது மாறும்: பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் சாய்வாக வைக்கப்பட்டது, மெல்லிய தந்திகளுக்குக் கூர்மை தருவதற்கு. திருப்பினால் அந்தக் கூர்மை தடித்த தந்திகளுக்குப் போய்விடும். ஹென்ட்ரிக்ஸின் ஒலியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பார்கள். முழங்கைக்காகச் சரித்த இடம் தொடையில் போய் உட்காரும். உயர்ந்த ஃப்ரெட்களுக்குக் கை போக வெட்டிவிட்ட ஆழமான பள்ளம் மேலே போய்விட, விரல் ஆழம் குறைந்த பக்கத்தில் முட்டும்.

எல்லாவற்றையும் அவள் பழகிக்கொண்டாள், குமிழைத் தவிர. சுண்டுவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய வால்யூம் இப்போது மணிக்கட்டுக்கு மேலே. கார்டு ஒன்றை வேகமாக அடித்தால் முன்கை அதை உரசித் திருகும். கேபிள் செருகும் ஜாக்கும் முகப்பிலேயே, மேலே; வயர் கையின் குறுக்கே தொங்கும். அந்தக் கராமா அறையில் அவள் மயங்கிய வயலின் ஒலியை இந்தக் கிட்டாரில் அவளால் எடுக்கவே முடியாது.

2018 ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை, பொங்கல் விழா. அமைப்பின் பெயர் வேண்டாம். நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பழைய படப்பாட்டு. இடையிசையில் கிட்டார் தனியாக வரும் இடத்துக்கு முன்னால் வேகமாகத் தாளம் அடிக்கிற பகுதி. அதை அடித்து முடித்து, தனியிசை தொடங்கினால் சத்தமே வரவில்லை. விரல்கள் ஓடுகின்றன, மேடை ஊமை. ஒலிபெருக்கிக்காரர் தன் மேசையில் திருகுகிறார், பையன் ஒருவன் கேபிளை அசைத்துப் பார்க்கிறான். அவள் குனிந்து குமிழைப் பார்ப்பதற்குள் அந்த எட்டு வரி முடிந்து பாடகி பாடத் தொடங்கிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "லெஃப்ட் ஹேண்ட்ல வாசிக்குதில்ல, அதான்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

மறுநாள் ஊரிலிருந்து ஆச்சி, என் அம்மா, தொலைபேசியில் கேட்டாள். யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். "அப்பவே சொன்னேம்லா, சோத்தாங்கையில வாசிக்கப் பழக்குன்னு. பொட்டப்புள்ள நாலு பேரு முன்னால நிக்கணும்லா." மகள் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டாரைப் பையில் வைத்து அலமாரி மேல் ஏற்றினாள். இரண்டு மாதம் அது அங்கேயே இருந்தது.

புதிதாக இடக்கைக் கிட்டார் வாங்கலாம் என்றாள் மனைவி. கடைகளில் கேட்டேன். வலக்கைக்கு ஒரு சுவர் நிறைய, இடக்கைக்கு இரண்டோ மூன்றோ, அதுவும் சொல்லிவைத்தால் வரும், அந்த ஆண்டுதான் தொடங்கிய 5 சதவீத வாட் வரியோடு. பணமும் ஒரு காரணம்தான். ஆனால் மகளே வேண்டாம் என்றாள். "இதுதான் என்னோடது. குமிழ் மட்டும் வேற எடத்துல இருந்திருந்தா..." என்று பாதியில் நிறுத்தினாள். அது எனக்கு வேலைக் குறிப்பாகக் கேட்டது.

பட்டறையில் புதிய வகைப் பேனல் செய்தால் துளை போடுவதற்கு முன் அட்டையில் கதவு செய்து, பொத்தான்களை ஒட்டிவைத்து, இயக்கப்போகிறவரை முன்னால் நிறுத்திப் பார்ப்போம். அதையே செய்தேன். பழைய குமிழ் ஒன்றை ஒட்டும் களிமண்ணால் கிட்டாரின் கீழ்ப்பக்கம் பதித்து, மேலே சுண்ணக்கட்டிப் பொடி தடவினேன். அவள் மூன்று பாட்டு வாசிப்பாள். பிறகு கையைப் பார்ப்போம். உள்ளங்கை ஓரத்தில் வெள்ளை இருந்தால் இடிக்கிறது என்று பொருள். சுண்டுவிரல் நுனியில் மட்டும் வெள்ளை இருந்தால் சரி. தந்தியிலிருந்து 30 மி.மீ.

"இடிக்குதுப்பா."

60 மி.மீ.

"இப்ப எட்டல. கை முழுக்க எறங்கணும்."

ஒரு வாரம் இப்படி. உட்கார்ந்து வாசிக்கும்போது சரியாக இருந்த இடம், நின்று வாசிக்கும்போது மாறியது. ஸ்ட்ராப்பின் நீளத்தைக் கூட்டினால் மறுபடி மாறியது. கடைசியில் 43 மி.மீ., பிரிட்ஜை நோக்கிச் சற்றே பின்னால். ஸ்ட்ராடோகாஸ்டரின் மூல இடத்தைக் கண்ணாடியில் பார்த்தால் வரும் புள்ளிக்கு அது மிகப் பக்கம், ஆனால் அதே புள்ளி இல்லை. அவள் சுண்டுவிரல் குட்டை.

அந்த இடத்தில் கிட்டாரின் உள்ளே குழி கிடையாது, கெட்டி மரம். பின்பக்கம் ஒருபுறம் டிரெமோலோ ஸ்பிரிங் குழி, மறுபுறம் வயிற்றுக்காகச் சரித்த பகுதி; நடுவில் மிஞ்சியது இரண்டு தீப்பெட்டி அகலம். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி அலமாரி செய்கிற சியால்கோட் தச்சர் ஒருவர் இருந்தார். ரௌட்டர் வைத்துப் பின்னாலிருந்து குடைந்து, முன்பக்கம் 6 மி.மீ. மரம் மட்டும் விட்டுத்தரச் சொன்னேன். கிட்டாரைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, காசு வேண்டாம், பிள்ளை வாசிப்பதை ஒருநாள் கேட்கிறேன் என்றார். ஜூலை மாதம், கதவு திறந்தால் முகத்தில் அடுப்பு. ஏ.சி.யிலிருந்து வெளியே எடுத்ததும் கிட்டாரின் உலோகமெல்லாம் வியர்த்தது, துடைத்துத் துடைத்துத்தான் வேலை. ஜாக்கை முகப்பிலிருந்து எடுத்து விளிம்பில் வைத்தேன். அதற்கு வேண்டிய துளை ஏறக்குறைய 22 மி.மீ., நான் வாழ்நாளெல்லாம் புஷ் பட்டனுக்குப் போடுகிற துளை. குழிக்குள் மின் இரைச்சல் வராமலிருக்க உட்புறம் முழுக்க அலுமினிய டேப் ஒட்டினேன். ஏ.சி. டக்ட் ஒட்டுகிற அதே டேப். இந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்தாலும் வரும், அதற்கு வராது. பின்மூடிக்குப் பேனலில் வைக்கிற பேக்கலைட் தகடு.

எல்லாவற்றையும் இடம் மாற்றவில்லை. சுவிட்சை அவள் பாட்டுக்கு ஒருமுறைதான் தொடுவாள், மேலேயே இருக்கட்டும். ஒரு டோன் குமிழ் பழைய இடத்தில் இருந்தது, மற்றதை எடுத்தாயிற்று. பேனலில் பயன்படாத துளையைத் திறந்து வைக்க மாட்டோம், தூசி போகும். கறுப்பு ரப்பர் அடைப்பான் போடுவோம். இதிலும் போட்டேன்.

இனி யாரும் எதிர்பார்க்காத ஒன்று மிச்சமிருந்தது. குமிழுக்கு அடியில் இருக்கும் பாட்டுக்கும் கை உண்டு. வலக்கைக்காரருக்கு எந்த விரலசைவில் சத்தம் கூடுகிறதோ, கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிய கிட்டாரில் அதே அசைவுக்குச் சத்தம் குறையும். ஓரத்து இரண்டு கால்களின் வயரை மாற்றிப் பற்றவைத்தால் திசை சரியாகிவிடும். ஆனால் வழக்கமான ஏ வகை பாட், காதுக்குச் சீராகக் கேட்கும்படி ஒரு திசைக்கென்று வளைத்துச் செய்யப்பட்டது. எதிர்த்திசையில் திருகினால் மாற்றமெல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும். கொஞ்சம் திருகினால் மொத்தமும் வந்துவிடும். இதற்கென்றே எதிர்வளைவு கொண்ட சி வகை உண்டு. தேராவில் நாசர் சதுக்கத்துப் பக்கத்துச் சந்துகளில் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கேட்டேன். ரேடியோவும் டிவியும் திறந்து பார்த்த கைகள் எல்லாம் உதட்டைப் பிதுக்கின. கடைசியில் இரு திசைக்கும் ஒன்றாக இருக்கிற பி வகை, 250 கிலோ ஓம், வாங்கினேன். அதில் தொடக்கத்திலேயே சத்தம் விரைவாக ஏறும். அது குறையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மகளுக்கு அதுவே பிடித்துவிட்டது. சின்ன அசைவிலேயே ஒலி எழுந்து வருகிறது என்றாள். வாசிக்காதவன் வாசிக்கிறவரைக் கேட்க வேண்டும் என்பதை லியோ ஃபென்டர் நன்றாகத்தான் புரிந்து வைத்திருந்தார்.

அந்த நவம்பரில் ஆச்சி விசிட் விசாவில் வந்தாள். வெயில் தணிந்து, பால்கனிக் கதவைத் திறந்து வைக்கிற மாதம். மகள் கட்டிலில் உட்கார்ந்து சுண்டுவிரலால் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தாள். ஆச்சி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். கையில் என் சட்டை, பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், இடக்கையால். எத்தனையோ முறை பார்த்ததுதான், கண்ணில் பட்டதில்லை.

"ஏட்டி, இது வயலினால்லா இருக்கு" என்றாள்.

"ஆச்சி, நீங்களும் லெஃப்டா?" மகள்தான் கேட்டாள்.

"ஊசிக்கு மட்டுந்தான். சோத்துக்கும் கோலத்துக்கும் எங்கய்யா பெரம்பால மாத்திட்டாக. ஊசிய யாரு பாக்கா?" பல்லால் நூலைக் கடித்தாள். "வாசி, வாசி. நின்னுட்டியே."

தச்சர் ஒருநாள் வந்து கேட்டார். இரண்டு பாட்டு முடியும்வரை தன் கைவேலை இருக்கிற பின்பக்கத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பொங்கலுக்கு அவள் வாசிக்கவில்லை, தேர்வு. அதற்கடுத்த ஆண்டு வாசித்தாள், எட்டு வரியும் கேட்டது. கைதட்டல் சுமார்தான், சாப்பாட்டுப் பந்தி போட்டுவிட்டார்கள்.

2022இல் கல்லூரிக்குச் சென்னை போனாள். இங்கே பிறந்தாலும் வளர்ந்தாலும் விசா முத்திரைதான் நமக்கு முகவரி. பிள்ளைகள் பதினெட்டில் கிளம்புவது இந்த ஊர் வழக்கம். கிட்டாரைச் சரக்கில் போட மறுத்து, விமானத்துக்குள் எடுத்துப்போக அனுமதி வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

சென்ற மாதம் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். விடுதி அறை, மேசையில் கிட்டார் கவிழ்ந்து கிடக்கிறது, பேக்கலைட் மூடி திறந்திருக்கிறது, இடக்கையில் சால்டரிங் அயர்ன்.

"அப்பா, டோன் நாபை நான் தொடறதே இல்ல. எடுத்துடறேன். எந்த வயர்?"

படத்தை அருகே கொண்டுவரச் சொன்னேன். என் பற்றவைப்பு, ஆறு ஆண்டாகியும் மினுமினுப்புப் போகவில்லை. அந்த வயர் இந்தக் குழிக்கு வராது, முன்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும் என்றேன். கழற்றினாள். வெள்ளையை எடு, கறுப்பைத் தொடாதே என்றேன். எடுத்தாள். பெருக்கியில் மாட்டி ஒரு தந்தியை மீட்டிப் பார்த்தாள், சத்தம் வந்தது.

"துளைய என்ன பண்ண?"

பையின் முன் ஜிப்பைத் திறந்து பார் என்றேன். ரப்பர் அடைப்பான் ஒன்று அதில் போட்டு அனுப்பியிருந்தேன்.